எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தும் "பல்லி புகுந்துருச்சு"ன்னு கைவிரிச்சுட்டாங்க. வித்த கடைக்குப் பொறுப்பே இல்லையா?

செக்காலை_78

வணக்கம். காரைக்குடி, சுத்துப்பட்டு ஊர்க்காரங்க யாராச்சும் இதுல அடிபட்டிருந்தா வழி சொல்லுங்க.

அப்பச்சிக்கு, அதாவது எங்க அப்பாவுக்கு, 76 வயசு. ஆத்தா போனதுக்கப்புறம் அந்தப் பெரிய வீட்ல அவங்க மட்டுந்தான். நான் மதுரைல வேலை பாக்குறேன், சனி ஞாயிறு வந்து போவேன். பட்டாலைல, அதாவது கூடத்துல, ஒரு டிவி இருந்தா பேச்சுக்குரலாச்சும் கேக்குமேன்னு 2024 மார்ச்ல ஊர்லயே ஒரு பெரிய கடைல 55 இன்ச் எல்இடி டிவி வாங்கிக் குடுத்தேன். 52,000 ரூபாய். கம்பெனி வாரண்டி 1 வருஷம். பில் போடுற நேரத்துல கவுண்டர்ல இருந்த தம்பி, "சார், 4,700 சேத்துக் குடுத்தீங்கன்னா மேற்கொண்டு 2 வருஷம். என்ன ஆனாலும் நாங்க பாத்துக்குவோம், ஸ்க்ரீன் பேனல் போனாக்கூட கவலை இல்ல"ன்னு சொன்னார். வயசானவங்க தனியா இருக்க வீடு, எதுக்கு ரிஸ்க்குன்னு குடுத்துட்டேன்.

இந்த அக்டோபர்ல ஒருநாள் காலைல சத்தம் வருது, படம் வரல. கடைக்குப் போன் பண்ணினா ஒரு டோல்ஃப்ரீ நம்பர் குடுத்தாங்க. அதுல பதிஞ்சு 11 நாள் கழிச்சு ஒரு பையன் வந்தார். டிவியக் கவுத்துப் போட்டு பின்மூடியக் கழட்டினார். போர்டு ஓரத்துல உளுந்து அளவுல காஞ்சுபோன பல்லி எச்சம் ஒண்ணு. அத மட்டும் போன்ல மூணு போட்டோ எடுத்தார். மீட்டர் வைக்கல, வேற எதையும் தொட்டுப் பாக்கல. ஜாப் ஷீட்ல "பூச்சி புகுந்துள்ளது, கவர் ஆகாது"ன்னு இங்கிலீஷ்ல எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார். மறுநாள் கிளெய்ம் ரிஜெக்ட்னு மெசேஜ்.

கடைக்கு நேர்ல போனேன். மேனேஜர், "நாங்க வித்ததோட சரி சார். வாரண்டி வேற கம்பெனி, அவங்கட்டதான் நீங்க பேசணும்"னு சொல்லிட்டார். காசு வாங்கினது அந்தக் கவுண்டர். சத்தியம் பண்ணாத குறையா "நாங்க பாத்துக்குவோம்"னு சொன்னது அந்தக் கவுண்டர். இப்ப "நாங்க" யாருன்னே தெரியல.

அப்பச்சி இன்னமும் காலைல சத்தத்த மட்டும் வச்சுக்கிட்டு, இருட்டுத் திரைக்கு முன்னாடி உக்காந்து செய்தி கேக்குறாங்க. போனா "விடுப்பா, காதுதான கேக்குது"ங்கிறாங்க. எனக்கு மனசு ஆறல.

பழைய_சால்டரிங்

தம்பி, மொதல்ல ஒண்ணு செய்ங்க. ராத்திரி லைட்ட எல்லாம் அணைச்சுட்டு டிவியப் போடுங்க. சத்தம் வந்ததும் நல்ல டார்ச் ஒண்ண ஸ்க்ரீன் பக்கத்துல சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. உள்ள படம் மங்கலா ஓடுறது தெரிஞ்சா பேனல் நல்லா இருக்கு, அதுக்குப் பின்னால வெளிச்சம் குடுக்குற பேக்லைட்தான் போயிருக்கு.

இந்தத் தொழில்ல 30 வருஷம் இருக்கேன். எல்இடி டிவில திரைக்குப் பின்னால வரிசையா சின்னச் சின்ன எல்இடி வச்ச பட்டைக இருக்கும். ஸ்ட்ரிப்னு சொல்லுவோம். பழைய சீரியல் செட் மாதிரிதான், வரிசைல ஒரு மணி, அதாவது ஒரு எல்இடி, போனா அந்த வரிசையே அணையும். டிரைவர் சர்க்யூட் அதப் பாத்து மொத்த லைட்டையும் நிறுத்திரும். நெறைய செட்ல ஆள் கவனத்த இழுக்கணும்னு பேக்லைட்ட முழு வேகத்துல வச்சுத்தான் அனுப்புறாங்க. அந்தச் சூட்டுல ரெண்டு மூணு வருஷத்துல மணி கருகுது. இதுக்கும் பல்லிக்கும் சம்பந்தமே கிடையாது.

டார்ச் அடிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க. பாக்குறத வீடியோவும் எடுத்து வச்சுக்கங்க.

கல்லுக்கட்டி_கடை

எங்க அப்பா காலத்துல இருந்து எங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடை. சின்னக் கடை. அதனால மறுபக்கத்தையும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க அண்ணே.

ஒரு டிவி வித்தா கடைக்கு நிக்கிறது ரொம்பக் கொஞ்சம். ஆன்லைன் விலையோட மல்லுக்கட்டி விக்கிறோம். அந்த வாரண்டி பிளான்லதான் கமிஷன் நல்லா இருக்கும். அதனாலதான் பெரிய கடைகள்ல பையங்களுக்கு "மாசம் இத்தன பிளான்"னு டார்கெட் வைக்கிறாங்க. பில் போடுற அந்த ஒரு நிமிஷத்துல பேசுறான், கண்டிஷன் பேப்பரக் காட்ட மாட்டான். அவனுக்கே அது தெரியாது, படிச்சிருக்க மாட்டான். இது தப்பு, நான் ஒத்துக்கிறேன். எங்க கடைல இந்தப் பிளானே விக்கிறதில்ல.

ஆனா பேனல் காசக் கடைக்காரன் குடுன்னா எப்படி? அவன் டிவி செய்யல. கம்பெனி, பாக்ஸ் பிரிச்ச ஒரு வாரத்துக்குள்ள சொன்னாத்தான் பீஸ மாத்தித் தரும், அதுக்கப்புறம் சர்வீஸ்தான். கடைக்காரன் போன் பண்ணினாலும் அதே டோல்ஃப்ரீதான் எடுக்குறாங்க. எங்க அப்பா சின்னப் பையங்களா இருந்த எங்கள அனுப்பி கஸ்டமர் டிவிய டிவிஎஸ் 50ல வச்சு மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொல்லுவார். பேருக்காகச் செஞ்சோம். சட்டத்துக்காக இல்ல.

பொன்னமராவதி_வாத்தியார்

கடைக்காரர் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 86 விற்பனையாளருக்கும் பொறுப்பு உண்டு என்று தெளிவாகவே சொல்கிறது. தயாரிப்பாளர் கொடுக்கும் உத்தரவாதத்துக்கு அப்பால் கடைக்காரர் தானாக ஒரு உத்தரவாதம் கொடுத்து, பொருள் அதன்படி நடக்கவில்லை என்றால் அவரே பொறுப்பு. செக்காலை தம்பி, இதைக் குறிப்பிட்டே நோட்டீஸ் அனுப்புங்கள்.

சட்டத்துணை_சிவகங்கை

வாத்தியார் ஐயா சொன்ன பிரிவு சரி, ஆனால் இந்த வழக்குக்கு அது பொருந்தாது. பிரிவு 82 முதல் 87 வரை உள்ள அத்தியாயம், குறையுள்ள பொருளால் ஏற்படும் தீங்குக்கானது. பிரிட்ஜ் வெடித்துக் கை கருகியது, வாஷிங் மெஷின் தீப்பிடித்து வீடு எரிந்தது என்றால் அங்கே போகலாம். "தீங்கு" என்ற சொல்லுக்குக் கொடுத்துள்ள விளக்கத்திலேயே, அந்தப் பொருளுக்கே ஏற்படும் சேதம் சேராது என்று எழுதியிருக்கிறது. இதை வைத்து மனுப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அந்த வரியை எடுத்துக் காட்டுவார்.

செக்காலை அவர்களுக்கு இருக்கும் வழி வேறு, அதைவிட நேரானது.

டிவி வாங்கியபோது நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் கடையோடு. தயாரிப்பாளரை நீங்கள் பார்த்ததே இல்லை. 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 16, விற்கிறவர் விற்கும் தரத்தில் உள்ள பொருளைத்தான் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை, எழுதாவிட்டாலும் அந்த ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது என்கிறது. அது பொருளைப் பற்றியது. 4,700 ரூபாய் தனி. அது ஒரு சேவைக்குக் கொடுத்த பணம். சேவைக் குறைபாடு என்றால் என்ன என்பதை 2019 சட்டத்தின் பிரிவு 2(11) விளக்கும்போது, நுகர்வோருக்குச் சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் குறைபாடுதான் என்று சொல்கிறது. "என்ன ஆனாலும் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, பூச்சி, பல்லி, வோல்டேஜ், தேய்மானம் என்று விலக்குகள் நிறைந்த தாளைக் காட்டாமல் விட்டது அதில் வரும் என்பது என் வாதம்.

எனவே கடை, வாரண்டி பிளான் நிறுவனம், தயாரிப்பாளர் என மூவரையும் எதிர்த்தரப்பினராகச் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நழுவுவார். மூவரும் ஒரே அறையில் நின்றால் யார் பொறுப்பு என்பதை மாவட்ட நுகர்வோர் ஆணையம் தீர்மானிக்கும். அதை நீங்கள் கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

பில்லைப் பாருங்கள். அந்த 4,700 யாருடைய பில்லில், யாருடைய ஜி.எஸ்.டி. எண்ணில் இருக்கிறது? அது தெரிந்தால் மேற்கொண்டு சொல்கிறேன்.

கொப்புடையம்மன்_துணை

இதப் படிச்சதும் எங்க வீட்டு விஷயத்தச் சொல்லாம இருக்க முடியல. மக கல்யாணத்துக்கு பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர், ஏசி எல்லாம் ஆடித் தள்ளுபடில ஒரே தடவையா எடுத்தோம். கல்யாணம் தை மாசம். அதுவரைக்கும் எல்லாப் பெட்டியும் ரெண்டாங்கட்டுல பிரிக்காம அடுக்கி இருந்துச்சு. கல்யாணத்தன்னிக்கு சாமான் பரப்புனப்பவும் பெட்டியோடதான் வச்சோம். அப்புறம் கோயமுத்தூருக்கு லாரில போச்சு. அவ தனிக்குடித்தனம் வச்சு வாஷிங் மெஷினப் பிரிச்சு மாட்டினது மாசி கடைசில. நாலு மாசத்துல டிரம் பக்கத்துல இருந்து கடகடன்னு சத்தம், போர்டுல எரர்.

சர்வீஸ்காரங்க என்ன சொன்னாங்கன்னா, வாரண்டி பில் தேதில இருந்துதான், இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. அதோட பில் எங்க வீட்டுக்காரங்க பேர்ல, மிஷின் இருக்கது மருமகன் பேர்ல உள்ள வீட்ல, "நீங்க கஸ்டமரே இல்ல"ன்னு மகட்டச் சொன்னாங்களாம். புள்ள அழுதுருச்சு. அப்பா வாங்கிக் குடுத்தது புள்ளைக்குச் சொந்தமில்லையா? செட்டிநாட்டுல ஒவ்வொரு கல்யாணத்துலயும் இதுதான நடக்குது?

சட்டத்துணை_சிவகங்கை

ஆச்சி, உங்கள் மகள் சட்டப்படி நுகர்வோர்தான். பிரிவு 2(7), பணம் கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அவருடைய சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர் என்கிறது. சீராகக் கொடுத்த பொருளுக்கு இதைவிட வேறு சம்மதம் வேண்டுமா? மனுவை அவர் வசிக்கும் கோயம்புத்தூரிலேயே போடலாம். 2019 சட்டத்தில் வந்த நல்ல மாற்றம் இது. முன்பெல்லாம் எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ, சம்பவம் நடந்த ஊருக்கோ போக வேண்டும். இப்போது மனுதாரர் வசிக்கிற, வேலை பார்க்கிற மாவட்டமே போதும்.

தேதி விஷயம்தான் சிக்கல். பெரும்பாலான கம்பெனிகளின் வாரண்டி அட்டையில் வாங்கிய தேதி என்றுதான் இருக்கும். கல்யாணத்துக்கு எடுக்கிறவர்கள் முன்பணம் கட்டி விலையைப் பிடித்து வைத்துவிட்டு, பில்லும் டெலிவரியும் கல்யாணத்தை ஒட்டி வாங்குவது நல்லது. உங்கள் கணக்கில் இன்னும் ஒரு மாதம் வாரண்டி இருந்தபோதே புகார் பதிவாகிவிட்டதல்லவா? அந்தப் புகார் எண்ணை விடாதீர்கள். வாரண்டி காலத்துக்குள் பதிந்த புகாரை இழுத்தடித்து, அதற்குள் வாரண்டி முடிந்துவிட்டது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

செக்காலை_78

சால்டரிங் அண்ணே, நேத்து ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தேன். படம் தெரியுது! நிழல் மாதிரி, ஆனா நியூஸ் வாசிக்கிறவங்க முகமே தெரியுது. அப்பச்சியக் கூப்பிட்டுக் காட்டினேன், பாத்துட்டு "உள்ளுக்குள்ள உசுரு இருக்குப்பா"ன்னாங்க. வீடியோ எடுத்துட்டேன்.

வக்கீல் சார், பில்லப் பாத்தேன். ஒரே பில், ரெண்டு வரி. டிவிக்கு 28 சதவீத வரி, கீழ "எக்ஸ்டெண்டட் வாரண்டி 2 வருஷம்"னு போட்டு அதுக்கு 18 சதவீத வரி. மேல கடையோட பேரு, கடையோட ஜி.எஸ்.டி. நம்பர் மட்டும். வாரண்டி கம்பெனி பேரு பில்லுல எங்கயுமே இல்ல. கண்டிஷன் பேப்பர்னு எதுவும் குடுக்கல. வாங்கி நாலு நாள் கழிச்சு போனுக்கு ஒரு லிங்க் வந்திருக்கு, இப்பத்தான் தேடி எடுத்தேன். திறந்தா 14 பக்கம், எல்லாம் இங்கிலீஷ்.

ஒரு பயம் வந்துருச்சு. பில் அந்த வழவழப்புத் தாள். எழுத்து பாதி மங்கிருச்சு.

சட்டத்துணை_சிவகங்கை

இன்றே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். அது வெப்ப அச்சுத் தாள், சூட்டிலும் பிளாஸ்டிக் உறையிலும் சீக்கிரம் வெளுத்துவிடும். கடையில் கேட்டால் கணினியிலிருந்து நகல் எடுத்துத் தருவார்கள். கேட்பதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் கேளுங்கள்.

நீங்கள் சொன்ன பில் உங்களுக்குப் பெரிய பலம். வாரண்டி என்ற சேவையைக் கடை தன் பெயரில், தன் வரி எண்ணில் விற்றிருக்கிறது. மூன்றாவது நிறுவனத்தின் பெயரே அதில் இல்லை. "நாங்கள் வித்ததோட சரி" என்று சொல்லவே முடியாது. அவர்கள் விற்றதே அந்த வாக்குறுதியைத்தான்.

கடைக்காரத் தம்பிக்கு: பேனல் காசைக் கடைக்காரர் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அவர் கொடுத்துவிட்டு, பிளான் நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளலாம். அவர்களோடு ஒப்பந்தம் போட்டதும் கமிஷன் வாங்கியதும் கடைதான். 76 வயதுப் பெரியவருக்கு அந்த நிறுவனம் எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாது.

பழைய_சால்டரிங்

படம் தெரியுதுன்னா விஷயம் முடிஞ்சுது. ஸ்ட்ரிப் மாத்தினா டிவி ஓடும். செட்டு ஸ்ட்ரிப்பு, கூலி எல்லாம் சேத்து 3,000 – 3,500க்குள்ள வரும். கம்பெனி ஆள் வந்தா "பேனல் போச்சு"ன்னு டிவி விலைல முக்கால்வாசி எஸ்டிமேட் போடுவான், ஏன்னா அவங்களுக்குப் பேனலோட சேத்துத்தான் ஸ்பேர் வருது. ஸ்ட்ரிப் மட்டும் கழட்டணும்னா பேனல மெதுவா தூக்கணும். கண்ணாடி பேப்பர் மாதிரி இருக்கும், ஓரத்துல கை அழுந்தினா கோடு விழுந்துரும். ரெண்டு பேர் வேணும், ஒரு மணி நேரம் வேணும். அவசரத்துக்கு வர்ற பையன் அத எங்க செய்வான்?

பல்லி பத்தி. நம்ம ஊர்ப் பழைய வீடுகள்ல தேக்கு உத்தரம், ஓடு, உசரமான கூரை. பல்லி இல்லாத வீடு எது? டிவி பின்மூடில காத்துப் போக ஓட்டை வச்சது கம்பெனிதான். இந்த ஊர்ல விக்கிறவனுக்கு இந்த ஊரு தெரியணும். பல்லி போர்டுல ஷார்ட் பண்ணினா அடையாளம் இருக்கும். பல்லி கருகிக் கிடக்கும், டிராக் கறுத்திருக்கும், பெரும்பாலும் செட்டே ஆன் ஆகாது. உங்க செட் ஆன் ஆகுது, சத்தம் வருது, படம் ஓடுது. எச்சத்தப் போட்டோ எடுத்தா அது காரணம் ஆயிருமா?

வோல்டேஜ்னு சொல்லித் தட்டிக் கழிக்கிறதும் உண்டு. டிவி முதுகுல ஒட்டியிருக்க ஸ்டிக்கரப் படிங்க. நெறைய செட்ல 100 – 240 வோல்ட்னு அவங்களே போட்டிருப்பாங்க. கரண்டு கொறைஞ்சதால போச்சுன்னு சொன்னா அந்த ஸ்டிக்கரக் காட்டுங்க. இடி வேற விஷயம். மழை இருட்டுனா பிளக்கையும் கேபிள் ஒயரையும் சேத்துப் பிடுங்கிருங்க. பழைய வீடுகள்ல எர்த் சரியா இருக்காது, செம்பூரான் பூமில கோடைல ஈரமே நிக்காது. எர்த் குழிய ஆள வச்சுப் பாருங்க, தண்ணி ஊத்துங்க.

எடுக்கலாமா வேணாமான்னு கேட்டா, 32 இன்ச், 43 இன்ச் டிவிக்கு இந்தப் பிளான் வேண்டாம். அந்தக் காசத் தனியாப் போட்டு வைங்க. இன்வெர்ட்டர் ஏசி, முன்பக்கம் போடுற வாஷிங் மெஷின், இதுகள்ல போர்டு விலை அதிகம். அதுக்கு வேணும்னா தயாரிக்கிற கம்பெனியே நேரடியாக் குடுக்குற நீட்டிப்ப மட்டும் எடுங்க. அவன் ஸ்பேரு, அவன் ஆளு, அவன் பொறுப்பு.

தேவகோட்டை_ரஸ்தா

சால்டரிங் அண்ணன் சொன்னதுக்கு நான் சாட்சி. ஏசிக்குக் கம்பெனியோட சொந்தப் பிளான் எடுத்தேன், மூணாவது வருஷம் அவுட்டோர் போர்டு போச்சு, ஒரு பைசா இல்லாம மாத்தினாங்க. ஆனா "10 வருஷ வாரண்டி"ன்னு பெருசாப் போடுறாங்களே, அது கம்ப்ரஸருக்கு மட்டும். கேஸ், காயில், போர்டு, வந்து போற கூலி எதுவும் அதுல கிடையாது. எங்க அயித்தான் அத நம்பி உக்காந்து, காயில் ஓட்டைக்கு முழுக் காசும் கட்டினாங்க.

கல்லுக்கட்டி_கடை

வக்கீல் சார், நீங்க சொன்னத அப்பாட்ட வாசிச்சுக் காட்டினேன். "சரிதான், கல்லால காசு விழுந்தா பேச்சும் நம்மளுதுதான்"னார். நான் முழுசா ஒத்துக்கல. பிளான் விக்காம டிவி மட்டும் வித்த கடைய, 2 வருஷம் கழிச்சுப் போன பேக்லைட்டுக்கு இழுக்குறது ஞாயமில்லன்னுதான் இன்னமும் நெனைக்கிறேன். ஆனா அண்ணன் விஷயத்துல கடை தன் பேர்ல வாரண்டிய வித்திருக்கு. அத நான் தாங்கிப் பேச முடியாது.

ஒண்ணு மட்டும் எல்லாரும் செய்ங்க. கவுண்டர்ல "என்ன ஆனாலும்"னு எவனாச்சும் சொன்னா, அத பில்லு பின்னாடி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. எழுத மாட்டான். அப்பப் புரிஞ்சுரும்.

செக்காலை_78

வக்கீல் சார் சொன்னபடி நோட்டீஸ் எழுதி ஸ்பீடு போஸ்ட்ல மூணு பேருக்கும் அனுப்பிட்டேன். மத்தவங்களுக்கு உதவும்னு நடுப்பகுதிய இங்க போடுறேன்:

"தங்கள் கடையில் மேற்படி பில்லின்படி தொலைக்காட்சியும், அதே பில்லில் தங்கள் வரி எண்ணின் கீழ் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்ட வாரண்டியும் வாங்கினேன். விற்பனையின்போது விலக்குகள் எவையும் எனக்குச் சொல்லப்படவில்லை, காட்டப்படவுமில்லை. வந்த பணியாளர் எந்த அளவீடும் செய்யாமல், பல்லி எச்சத்தை மட்டும் காரணம் காட்டி மறுத்துள்ளார். ஒலி வருவதும், வெளிச்சம் பாய்ச்சினால் படம் தெரிவதும் காணொளியில் பதிவாகியுள்ளது. 15 நாட்களுக்குள் செலவின்றிப் பழுது நீக்கித் தர வேண்டும். தவறினால் பழுதுச் செலவும், வாரண்டிக் கட்டணமும், மன உளைச்சலுக்கான இழப்பீடும் கோரி மாவட்ட ஆணையத்தை அணுகுவேன்."

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கும் போன் பண்ணினேன். தமிழ்லயே பேசினாங்க, பதிஞ்சு நம்பர் குடுத்தாங்க.

ஒன்பதாவது நாள் கடை மேனேஜர் கூப்பிட்டார். பழைய டிவியக் குடுத்துட்டுப் புது டிவி எடுத்தா 8,000 தள்ளித் தர்றாராம். மிச்சம் நான் போடணும். பிளான் கம்பெனில இருந்து ஒரு மெயில், மறுபடி "பூச்சி"ன்னு. தயாரிப்பாளர் பதிலே போடல. அப்பச்சிட்டக் கேட்டேன். "அவங்க தப்புக்கு நம்ம எதுக்குப்பா இன்னொரு டிவி வாங்கணும்?"னாங்க. வேண்டாம்னுட்டேன்.

இப்ப சந்தேகம், சார். சால்டரிங் அண்ணன வச்சு இப்பவே சரி பண்ணிட்டா சாட்சி போயிருமா? கேஸ் முடியிற வரைக்கும் அவங்கள இருட்டு டிவி முன்னாடி உக்கார வைக்க மனசு வரல.

சட்டத்துணை_சிவகங்கை

நல்ல கேள்வி. குறை இருக்கிறதா என்று சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றால் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பலாம், 45 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும். 3,500 ரூபாய் வேலைக்கு அந்தச் சுற்று தேவையில்லை. அவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டீர்கள், 15 நாளும் முடியட்டும். அதன்பிறகு, "இன்ன தேதியில் நானே பழுது பார்க்கப்போகிறேன், விரும்பினால் உங்கள் ஆளை அனுப்புங்கள்" என்று மூவருக்கும் ஒரு மெயில் போடுங்கள். வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ எடுங்கள். கழற்றிய ஸ்ட்ரிப்பை உறையில் போட்டு, தேதி எழுதி ஒட்டுங்கள். மெக்கானிக்கிடம் என்ன பழுது, எதனால் என்று எழுதிய பில் வாங்குங்கள். செய்த செலவைக் கேட்கும் மனுவாக அது மாறும், அவ்வளவுதான்.

மனுவுக்கு: பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் மனுதாரர். உங்கள் பெயரில் என்றால் மதுரையிலும் போடலாம். கடை காரைக்குடியில் இருப்பதால் சிவகங்கையிலும் போடலாம். ஆன்லைனில், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம், காணொளியில் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு வந்துவிட வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள் கேட்கலாம். அந்த 45 நாளைத் தாண்டி நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று பழைய சட்டத்தில் இருந்த இதே விதியை வைத்து 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. ஆனாலும் வாய்தாக்கள் இருக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

கொப்புடையம்மன்_துணை

வக்கீல் தம்பி, புகார் நம்பரத் தேடி எடுத்து மகள கம்பெனிக்கு மெயில் போடச் சொன்னேன். பிரிவு 2(7)ன்னு நீங்க எழுதினத அப்படியே போட்டுச்சு. மூணாம் நாள் ஆள் வந்து போர்டையும் பேரிங்கையும் மாத்திட்டுப் போயிருக்காங்க. நல்லா இருப்பீங்க. சின்ன மகளுக்கு அடுத்த வருஷம் பேச்சு நடக்குது, இந்தத் தடவை எந்தப் பெட்டியும் ரெண்டாங்கட்டுல கிடக்காது.

செக்காலை_78

15 நாள் போயிருச்சு, யாரும் வரல. மெயில் போட்டுத் தேதி சொன்னோம், அன்னிக்கும் யாரும் வரல. சால்டரிங் அண்ணன் ஞாயித்துக்கிழமை காலைல அவர் மருமகனோட வீட்டுக்கு வந்தார். பட்டாலைல மெத்தைய விரிச்சு, அதுமேல வெள்ளை வேட்டியப் போட்டு, டிவியக் கவுத்தினாங்க. பேனலத் தூக்குறப்ப ரெண்டு பேரும் மூச்சே விடல, நானும் விடல. மூணாவது பட்டைல நாலாவது மணி, மஞ்சள் நிறத்துக்கு நடுவுல கடுகளவு கறுப்பு. அண்ணன் மீட்டர அதுல வச்சுக் காட்டினார், செத்துப்போயிருக்கு. மத்த மணிகள்ல மீட்டர் வச்சா லேசா மினுங்குது, அது மட்டும் மினுங்கல. பல்லி எச்சம் இருந்த இடத்துல இருந்து அது ஒரு முழம் தள்ளி இருக்கு. எல்லாம் வீடியோல இருக்கு.

மொத்தம் 3,300 ரூபாய். அண்ணன் பில்லுல "ஸ்ட்ரிப் எண் 3, எல்இடி எரிந்துள்ளது, பூச்சி சேதம் இல்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். பேக்லைட்ட மெனுவுலயே கொறைச்சு வச்சுட்டார், அப்பச்சி கண்ணுக்கும் இதமா இருக்குங்கிறாங்க.

மனு எழுதி முடிச்சாச்சு. 3,300, 4,700, அதோட இழப்பீடு. திங்கக்கிழமை பதியிறேன், எண் கிடைச்சதும் இங்க போடுறேன். அந்தப் பழைய ஸ்ட்ரிப்ப நான் மதுரைக்குக் கொண்டுபோறேன்னேன், அப்பச்சி குடுக்கல. கவர்ல தேதி எழுதி, பில்லையும் ஜாப் ஷீட்டையும் சேத்து, ஐயா காலத்து இரும்புப் பெட்டில வச்சுப் பூட்டிட்டாங்க. "கூப்பிடுற அன்னிக்கு நானே எடுத்துட்டு சிவகங்கைக்கு வர்றேன்"னுட்டாங்க.